டிரம்ஸை அகற்றும் முன் சபையின் குரலைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் சபையில் ஓராண்டாக ஆராதனையில் டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு வாசிக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் என் மகன்; வயது 19. என் மாமனார் அதே சபையில் மூப்பராக இருந்தவர்; காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறார். பாடல் தொடங்கியதும் எழுந்து போய் வெளி வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறார். பிரசங்கத்துக்குத்தான் உள்ளே வருகிறார். அப்போது, சரியாகக் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டுங்கள் என்று கேட்பவரும் அவரேதான். ‘இவருக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, வாலிபர்களைத்தான் பிடிக்கவில்லை’ என்று சபையில் பேசுகிறார்கள். ஆலயத்தில் மேளம் அடிப்பதே வேதத்துக்கு விரோதம் என்கிறார் அவர். மகன் சங்கீதம் 150-ஐத் திறந்து காட்டுகிறான். டிரம்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று அடுத்த மாதம் சபைக் குழு வாக்கெடுக்கப் போகிறது. நான் யார் பக்கம் பேசுவது? டிரம்ஸை எடுத்துவிட்டால் மகன் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். வேதம் என்ன சொல்கிறது, உங்கள் மாமனாரின் காதில் என்ன நடக்கிறது, உங்கள் ஆலயக் கட்டடத்துக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது என்று மூன்று தனித்தனி விஷயங்கள் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கைதூக்கி எண்ணுவதால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது. டிரம்ஸ் தோற்றால் உங்கள் மகன் மனமுடைவான். ஸ்பீக்கரும் கீபோர்டும் இன்றிருக்கும் அளவிலேயே தொடர்ந்தால் உங்கள் மாமனார் அப்போதும் வராந்தாவில்தான் இருப்பார். டிரம்ஸ் வென்றால், அவர் வெளியே உட்காருவதைச் சபையே முடிவாக எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஆலயங்களுக்கும் அரங்குகளுக்கும் ஒலியமைப்பு செய்து கொடுப்பது என் தொழில். எந்தச் சபைக்குப் போனாலும், மேடையில் என்னென்ன வாத்தியங்கள் இருக்கின்றன என்பதை நான் பிறகுதான் பார்ப்பேன். பாடல் நடக்கும்போது நடு வரிசையில் போய் நின்று, பக்கத்தில் இருப்பவர் பாடுவது என் காதில் விழுகிறதா என்று கேட்பேன். விழுந்தால் அந்தச் சபையின் ஒலியில் பெரிய பழுதில்லை. டிரம்ஸ் இருந்தாலும் சரி, பித்தளைக் கருவிகள் இருந்தாலும் சரி. விழாவிட்டால் ஒரே ஒரு ஆர்மோனியம் இருந்தாலும் அங்கே ஏதோ தவறிப்போயிருக்கிறது. தன் குரலும் அயலான் குரலும் கேட்காத இடத்தில் மனிதர்கள் சிறிது சிறிதாக வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பத்துப் பேர் பாடுவார்கள், மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

உங்கள் மாமனாரின் காதிலிருந்து தொடங்குகிறேன். அவரைப் பற்றிச் சபையில் பேசுவது அநியாயம்.

‘கேட்கவில்லை’ என்கிறார், ‘சத்தம் தாங்கவில்லை’ என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் கேட்பவர்களுக்குப் பிடிவாதமாகத்தான் தோன்றும். ஆனால் முதுமையில் காது மந்தப்படும் முறையே இதுதான். அகச்செவியில் நத்தை ஓட்டைப்போல் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வெளி வரிசைகளில் உள்ளவை மெல்லிய ஓசைகளைப் பெருக்கிக் கொடுப்பவை. வயதாக ஆக முதலில் தேய்ந்துபோகிறவை பெரும்பாலும் இவைதான். அவை போன பின் மெல்லிய ஓசை காதில் ஏறாது. பெரிய ஓசையோ முன்போலவே முழு வேகத்துடன் வந்து தாக்கும். ஓசையை அளக்கும் அலகு டெசிபல். நல்ல காது உள்ளவர் 10 டெசிபல் ஓசையிலிருந்து கேட்கத் தொடங்கி, 100 டெசிபல் வரை தாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமனாருக்குக் கேட்கத் தொடங்குவதே 60-இல் என்றால், தாங்கும் எல்லை மட்டும் அதே 100-இல்தான் நிற்கிறது. நமக்குத் தொண்ணூறு படிகளில் ஏறும் சத்தம் அவருக்கு நாற்பதே படிகளில் ஏறி முடிந்துவிடுகிறது. ‘கொஞ்சம் கூட்டுங்கள்’ என்பதற்கும் ‘ஐயோ, போதும்’ என்பதற்கும் நடுவே அவருக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதுமையில் முதலில் மறைவது உயர்ந்த சுருதி ஓசைகள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த பகுதியிலும், ‘ச’, ‘ஸ’, ‘த’, ‘ப’, ‘க’ போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த பகுதியிலும் இருக்கின்றன. ‘கிருபை’ என்று பாடினால் இகரமும் உகரமும் ஐகாரமும் அவருக்கு வந்துசேரும். சொல்லை அடையாளம் காட்டுகிற ‘க்’, ‘ப்’ வந்துசேராது. டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள், அதாவது சிம்பல்கள், அடித்த பின் விடாமல் ‘ஷ்’ என்று இரைந்துகொண்டிருப்பது அதே உயர்ந்த பகுதியில்தான். அவருக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்ச மெய்யொலியையும் அது மூடிவிடுகிறது. காதில் அணியும் கருவியும் பெரும்பாலும் பேச்சை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பெரிய தாள ஓசை வந்து மோதும்போது அதன் ஒலிவாங்கியே திணறி, ஓசையை நொறுக்கித்தான் உள்ளே அனுப்பும். அவர் எழுந்து வெளியே போவதில் கோபமும் கலந்திருக்கலாம். ஆனால் கோபமே இல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார்.

இதற்குச் செய்யக்கூடியவை உண்டு. கருவியைப் பொருத்திய கேட்பியல் நிபுணரிடம் அழைத்துப் போய், இசைக்கென்று தனி அமைப்பு அதில் உண்டா என்று கேளுங்கள். பல கருவிகளில் இருக்கிறது, யாரும் அதைத் திறந்து கொடுப்பதில்லை. அவருடைய இருக்கையை டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் எதிர்ப்பக்கமாக, ஆனால் போதகரின் முகம் தெரியும்படி மாற்றுங்கள். உதடு தெரிவதே பாதிக் காது. உங்கள் சபையில் இவரைப் போன்றவர்கள் பலர் இருந்தால், இருக்கைப் பகுதியைச் சுற்றி இண்டக்‌ஷன் லூப் என்ற கம்பி வளையம் போடச் சொல்லுங்கள். மைக்கில் பேசுவது காற்று வழியாக வராமல் நேரே காதுக் கருவிக்குள் இறங்கும். கருவியில் அதை வாங்கும் சுருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசங்கத்துக்கு மொத்தச் சத்தத்தையும் கூட்டும் தேவை அதோடு தீர்ந்துவிடும்.

இனி வேதம். உங்கள் மாமனார் சொல்வதை வாலிபர்கள் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. அவர் பக்கத்திலும் வசனம் உண்டு. ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர் தேவாலய ஆராதனைக்கு நியமிக்கப்பட்ட இடங்களைப் பாருங்கள்: 1 நாளாகமம் 15, 16, 25 ஆகிய அதிகாரங்களிலும், எசேக்கியா ராஜா அதைத் திரும்ப ஒழுங்குபடுத்திய 2 நாளாகமம் 29-ஆம் அதிகாரத்திலும் கைத்தாளமும் நரம்புக் கருவிகளும் பூரிகைகளும் வருகின்றன, மேளம் வருவதில்லை. தாவீது முதல் முறை உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, 13-ஆம் அதிகாரத்தில், மேளம் இருந்தது, பெட்டியைப் பிடிக்கக் கைநீட்டிய ஊசா செத்தான். இரண்டாம் முறை மேளம் சொல்லப்படவில்லை; பெட்டி சேர்ந்தது. மேளத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

ஆனால் முதல் முறை நடந்த தவறு என்ன என்று 15-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்திலேயே தாவீது வாய்திறந்து சொல்கிறான். பெட்டியை லேவியர் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. அவர்கள் வண்டியில் ஏற்றினார்கள். மேளத்தின்மேல் அங்கே ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்த தம்புரு கையால் அடிக்கிற தோற்கருவிதான். 149, 150 ஆகிய இரண்டு சங்கீதங்களும் அதைத் துதிக்குள் அழைக்கின்றன. ஒரு பட்டியலில் விடுபட்டதைத் தடை என்று படித்தால், அதே கணக்கில் இன்றைய ஆலயத்தில் ஆர்கனுக்கும் இடமில்லை, பியானோவுக்கும் இடமில்லை. ஆகவே மேளம் பாவம் என்று வேதத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதே என் முடிவு.

உங்கள் மகனும் 150-ஆம் சங்கீதத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். ‘பேரோசையுள்ள கைத்தாளங்களோடும் அவரைத் துதியுங்கள்’ என்ற வரியோடு அது நின்றுவிடவில்லை. ‘சுவாசமுள்ள யாவும் கர்த்தரைத் துதிப்பதாக’ என்று முடிகிறது. எக்காளம், வீணை, குழல், தாளம் எல்லாவற்றையும் வரிசையாக எழுப்பிவிட்டு, கடைசியில் மூச்சுள்ள எல்லாரையும் பாடச் சொல்கிறது. பேரோசையுள்ள கைத்தாளம் அடித்து, சுவாசமுள்ளவர்களின் பாட்டு கேட்காமல் போனால், ஐந்தாம் வசனத்தை நிறைவேற்றி ஆறாம் வசனத்தை மீறியதாகும். ‘வாத்தியங்களை நேர்த்தியாய் … வாசியுங்கள்’ என்று 33-ஆம் சங்கீதம் சொல்வதையும் அவன் மனப்பாடம் செய்யட்டும். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்பதும் இதுதான்: குழலும் சுரமண்டலமும் தொனியில் வித்தியாசம் காட்டாவிட்டால், வாசிக்கப்படுவது இன்னதென்று எப்படித் தெரியும்?

பேரோசை என்று வேதம் சொல்லும்போது, அது எங்கே எழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சாலொமோனின் ஆலயப் பிரதிஷ்டையில் 120 ஆசாரியர்கள் பூரிகை ஊதினார்கள் என்று 2 நாளாகமம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் நின்றது பலிபீடத்துக்குக் கிழக்கே, வானம் திறந்த பிராகாரத்தில். திறந்தவெளியில், நாம் நிற்கும் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஓசை 6 டெசிபல் குறையும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் தட்டையான கூரையும் உள்ள கூடத்தில் அப்படிக் குறையாது. முதல் சில வரிசைகளைத் தாண்டிவிட்டால், சுவரில் பட்டுத் திரும்புகிற ஓசை நேரே வரும் ஓசையைவிட ஓங்கிவிடும். கடைசி வரிசைக்குப் போனாலும் தப்ப முடியாது. உங்கள் மாமனார் கடைசி வரிசைக்கு மாறாமல் வராந்தாவுக்கே போனதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

திருச்சபை வரலாற்றையும் இரண்டு தரப்புக்கும் நினைவுபடுத்துங்கள். முதல் நூற்றாண்டுகளின் சபைப் பிதாக்கள் பலர் எல்லா வாத்தியங்களையுமே விலக்கினார்கள். அவை புறஜாதிக் கோவில்களையும் நாடக அரங்குகளையும் நினைவூட்டின. இன்று பயபக்தியின் அடையாளமாக நாம் மதிக்கும் ஆர்கனின் மூதாதை, ரோமானியர் காலத்தில் விளையாட்டு அரங்குகளில் ஒலித்த கருவி. சூரிச் நகரில் சீர்திருத்தவாதி சுவிங்கிலி, தானே தேர்ந்த இசைக் கலைஞராக இருந்தும், ஆலயத்தில் வாத்தியம் வேண்டாம் என்றார். 1527-இல் அங்குள்ள பெரிய ஆலயத்தின் ஆர்கன் பிரித்தெடுக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-இல் பியானோவையும் மேளத்தையும் சிம்பலையும் ஆலயத்தில் தடைசெய்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, வழிபாட்டுக்குத் தகுந்த மற்றக் கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் இன்றும் வாத்தியமின்றியே பாடுகின்றன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிலோ ‘கெபெரோ’ என்ற பெரிய மேளம் தொன்றுதொட்டு வழிபாட்டோடு ஒன்றியிருக்கிறது. வழிபாட்டு ஆடையோடு நின்று அதை அடிக்கிறார்கள். அந்த மேளத்தில் பக்தி குறைந்துபோனதாக ஒருவரும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்ல விரும்புகிறேன். மேளத் தாளம் கெட்ட ஆவிகளை அழைக்கும் என்று பேசுகிறவர்கள் உண்டு. தோலை அடிக்கிறவரை இழிவாகப் பார்த்த பழைய கண்தான் பல நேரம் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைச் சபைக் கூட்டத்தில் யாராவது எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது வேதமும் அல்ல, ஒலியியலும் அல்ல.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

சத்தம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். மைக் இல்லாமலே டிரம்ஸ் தன் பக்கத்தில் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்று பாடகரின் மைக்கைக் கூட்டுகிறார்கள். கீபோர்டுகாரருக்குத் தன் வாசிப்பு கேட்கவில்லை. அவர் தன் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்கிறார். அந்த மானிட்டரின் இரைச்சலில் பாடகர் இன்னும் ஓங்கிப் பாடுகிறார். சுற்றுச் சத்தம் கூடக் கூட மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்பதை 1911-இல் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். மேடையில் ஒவ்வொரு ஞாயிறும் நடப்பது அதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. இரண்டாம் பாடல் முடிவதற்குள் எல்லாருடைய அளவும் ஏறியிருக்கும், கீழே இறக்குவதற்கு மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்.

எவ்வளவு சத்தம் காதுக்குக் கேடு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தொழிலாளர் காதுப் பாதுகாப்புக்கு உலகில் பரவலாகப் பின்பற்றும் அளவுப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 94-இல் ஒரு மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பு அளவுகோல், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது கச்சேரிக்குப் போகும் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. ஆராதனைக்கு அதை இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. கைக்குழந்தையும் முதியவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்தில், சபை பாடும்போது நடு வரிசையில் சராசரி 80 முதல் 85 வரை இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். உற்சாகமான பல்லவியில் சில கணம் 90-ஐத் தொட்டால் தவறில்லை.

கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் ‘ஏ’ எடை அளவில் (dBA) வைத்து முன் வரிசை, நடு வரிசை, குழந்தைகள் உட்காரும் இடம் ஆகிய மூன்றிலும் பாடல் முழுவதும் பிடித்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத் துல்லியம் இருக்காது. ஆனால் ‘எனக்குச் சத்தமாக இருக்கிறது’, ‘எனக்கு இல்லை’ என்ற வாக்குவாதத்தை நிறுத்த அது போதும்.

அளவியைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த பாடலில் பல்லவி மூன்றாம் முறை வரும்போது, முன்னறிவிப்பில்லாமல் எல்லா வாத்தியங்களும் மைக்குகளும் ஒரு வரி நிற்கட்டும். சபையின் பாட்டு தடையின்றித் தொடர்ந்து போனால் நல்லது. பாட்டு நின்று கூடம் வெறிச்சோடினால், இத்தனை நாளாக மேடை மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தது என்று எல்லாருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் வாதாட வேண்டியதே இருக்காது.

செய்ய வேண்டிய மாற்றங்களில் முதலாவது டிரம்ஸ் வாசிப்பவரின் கையில் இருக்கிறது. மெதுவாக அடிப்பது வேகமாக அடிப்பதைவிடக் கடினம், பயிற்சி வேண்டும். தடிமனான குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ‘ராட்ஸ்’ பயன்படுத்தலாம், அமைதியான பாடலுக்கு பிரஷ் பயன்படுத்தலாம். சரணத்தில், வாசிப்பவருக்கு முன்னால் இருக்கும் சிறிய மேளமான ஸ்நேரை முழு வீச்சில் அடிக்காமல் குச்சியை விளிம்பில் படுக்கவைத்துத் தட்டினாலே தாளம் நிற்கும், சொல்லும் கேட்கும். காலால் அடிக்கும் பெரிய மேளத்துக்குள் ஒரு தலையணை, ஸ்நேரின் மேல்தோலில் ஒட்டும் சிறு ஜெல் துண்டு ஆகியவை ஓசையின் நீளத்தைக் குறைக்கும். பாடலின் ஒவ்வொரு வரி முடிவிலும் சிம்பலை அடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். வரியின் கடைசிச் சொல் அந்த அடியில்தான் புதைகிறது. பெரும்பாலான பாடல்களில் பொருள் முடிவதே அந்தச் சொல்லில். முதல் சரணம் குரலும் கீபோர்டும் மட்டும், பல்லவியில் மேளம் வந்து சேரட்டும், கடைசிச் சரணத்தில் மறுபடி ஓயட்டும் என்று அமைத்தால், மேளம் வரும் இடத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும். முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் அடிக்கப்படும் மேளத்தைக் காது ஐந்து நிமிடத்தில் வெறும் இரைச்சலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து கட்டடம். டிரம்ஸைக் கூடத்தின் மூலையில், இரண்டு வெற்றுச் சுவர் சந்திக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மூலை அதன் தாழ்ந்த ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும். அடியில் தடித்த விரிப்பு போடுங்கள். பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் கனத்த திரையோ ஒலியை உறிஞ்சும் பலகையோ வேண்டும். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890-களில் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தின் முழக்கத்தைத் தீர்க்க, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. அவர் கண்டது இன்றும் மாறவில்லை: மெத்தென்ற பொருளும் மனித உடலும் ஓசையை விழுங்கும், சிமென்டும் கண்ணாடியும் திருப்பி எறியும். இதனால்தான் சனிக்கிழமை காலியான கூடத்தில் ஒத்திகை பார்த்து வைத்த அளவு ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்த பின் பொருந்துவதில்லை. ஞாயிறு முதல் பாடலின்போது, மைக்குகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியான மிக்ஸரில் இருப்பவர் அங்கேயே உட்கார்ந்திராமல் எழுந்து நடந்து கேட்டு, அளவைத் திருத்த வேண்டும்.

டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தடுப்பு வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பின்னாலும் மேலேயும் ஓசையை உறிஞ்சும் பொருள் இல்லாமல் அதை மட்டும் வைத்தால், ஓசை மேலே எழும்பிக் கூரையில் பட்டுச் சபைமீது இறங்கும். வாசிப்பவரின் காதுக்கோ இரட்டிப்புச் சத்தம். வைப்பதானால் முழுமையாக வையுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு வாசிப்பவர்களுக்குக் காதில் செருகும் மானிட்டர் கொடுப்பது பெரும்பாலான சபைகளில் தடுப்பைவிட அதிகப் பலன் தரும். சிறிய கூடமாக இருந்தால் மின்னணு டிரம்ஸையோ, உட்கார்ந்து கையால் அடிக்கும் பெட்டி மேளமான கஹோனையோ யோசிக்கலாம். பாடலின் சுருதியையும் பாருங்கள். மேடைப் பாடகருக்கு வசதியான சுருதி சபைக்கு எட்டாமல் போனால், சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் அவர்கள் பாடமாட்டார்கள்.

சில சபைகள் முதியவர்களுக்கு அமைதியான ஆராதனை ஒன்று, வாலிபர்களுக்கு முழு வாத்தியங்களோடு இன்னொன்று என்று நேரத்தைப் பிரித்துவிடுகின்றன. இட நெருக்கடிக்காகப் பிரிப்பது வேறு. சத்தத்துக்காகப் பிரிப்பதை நான் எதிர்க்கிறேன். தாத்தாவுக்குத் தெரிந்த பழைய கீர்த்தனையைப் பேரனும், பேரன் வாசிக்கும் புதிய பாடலைத் தாத்தாவும் கற்றுக்கொள்ளும் இடம் அதோடு போய்விடும்.

ஆகவே, யார் பக்கம் பேசுவது என்று கேட்டீர்களே, ஒருவர் பக்கமும் வேண்டாம். குழுவுக்கு ஒரு கோரிக்கை கொடுங்கள்: இந்த மாதம் அளந்து பார்ப்போம், அடுத்த இரண்டு மாதம் மேலே சொன்னவற்றைச் செய்து பார்ப்போம், பிறகு பேசுவோம். மிக்ஸரின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு எழுதி வைக்கட்டும். அதைத் தாண்டினால் இறக்குவதற்கு ஒரே ஒருவருக்கு அதிகாரம் இருக்கட்டும். அவர் வாசிப்பவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. ஓர் ஒத்திகைக்கு உங்கள் மாமனாரை அழைத்துப் போய் நடு வரிசையில் உட்காரவைத்து, சொற்கள் புரிகின்றனவா என்று ஒவ்வொரு பாடலுக்குப் பிறகும் மகனையே கேட்கச் சொல்லுங்கள். ‘தாத்தா, இந்த வரி கேட்டதா?’ என்று பேரன் வந்து கேட்டால் அவர் பதில் சொல்வார். குழுக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். மூப்பராக இருந்த ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பதும் சரியல்ல. மகனுக்கும் ஒன்று செய்யுங்கள். கைப்பேசியை நடு வரிசையில் வைத்து ஓர் ஆராதனையைப் பதிவுசெய்து, வீட்டில் அவன் தனியாக இருக்கும்போது போட்டுக் காட்டுங்கள். டிரம்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குச் சபை எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேறு வழியே இல்லை. பொறுப்புள்ள பிள்ளையாக இருந்தால், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சத்தத்தில் முதலில் கெடப்போவது உங்கள் மாமனாரின் காதல்ல, மகனின் காது. சபையில் யாரையும்விட அவன்தான் டிரம்ஸுக்கு அருகில் இருக்கிறான். ஒத்திகையையும் சேர்த்தால் வாரத்தில் அவன் கேட்கும் நேரமும் அதிகம். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் ‘ங்’ என்று ரீங்காரம் கேட்கிறதா, மற்றவர்கள் பேசுவது பஞ்சு அடைத்ததுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மணி நேரத்தில் சரியாகிவிடுவதால் வாலிபர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. காது அடிபட்டதன் அடையாளம் அது. திரும்பத் திரும்ப நடந்தால் நிலைத்துவிடும். மனிதரின் அகச்செவியில் இறந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தால் வரும் கேடு கேட்புச் சோதனையில் முதலில் தெரிவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கத்தில். அந்த நிலையில் அவனுக்கு ஒன்றும் குறையாகத் தோன்றாது, சோதனைத் தாளில் மட்டும் பள்ளம் தெரியும்.

பஞ்சுபோன்ற சாதாரணக் காதடைப்பான் அவனுக்கு ஒத்துவராது. உயர்ந்த ஓசைகளை மட்டும் அதிகமாக அடைத்துவிடுவதால், தன் வாசிப்பு மங்கலாகக் கேட்டு, அவன் இன்னும் பலமாக அடிப்பான். எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவாகக் குறைக்கும்படி இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்ட அடைப்பான் இருக்கிறது. அதை ஒத்திகைக்கும் சேர்த்து அணியச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கேட்புச் சோதனை செய்யுங்கள். மாமனாரைக் கேட்பியல் நிபுணரிடம் அழைத்துப் போகும் அன்றே மகனையும் உடன் அழைத்துப் போங்கள். ரீங்காரம் ஒரு நாளைக் கடந்தும் ஓயாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு காது திடீரென்று மந்தமானால் காத்திருக்கவே கூடாது. அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்கான சிகிச்சை தொடக்க நாட்களில்தான் பலன் தரும்.